‘இல்லாத சபையை எதற்குப் படிக்கிறோம், மிஸ்?’

கேள்வி: சேர், திருகோணமலையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் வருகை விரிவுரையாளராக இருக்கிறேன். அரசறிவியல் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மாகாண ஆட்சியும் உள்ளூராட்சியும் என்ற பாடத்தை இந்த முறை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தில் தொடங்கினேன். மூன்றாம் கிழமையே பாதி வகுப்பு போனுக்குள் போய்விட்டது. ஒரு மாணவன் எழுந்து, ‘இல்லாத சபையை எதற்குப் படிக்கிறோம், மிஸ்?’ என்று கேட்டான். என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. வடக்கு கிழக்கு இணைப்பைப் பற்றிப் பேசிய அன்று தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கிடையே வாக்குவாதம் முற்றிவிட்டது. அடுத்த வகுப்புக்குச் சிலர் வரவே இல்லை. ‘அரசியல் பேசாமல் நோட்ஸைக் கொடுத்துவிட்டு வாரும்’ என்கிறார் மூத்த விரிவுரையாளர் ஒருவர். நான் என்ன செய்யட்டும்?
– வருகை விரிவுரையாளர், உப்புவெளி

பதில்: தங்கச்சி, அந்தப் பையன் குழப்படிக்குக் கேட்டிருந்தாலும் கேள்வி நியாயமானது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளைகள் அப்போது இடைநிலை வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட மாகாண சபைத் தேர்தலில் வாக்குப் போட்டதில்லை. இதை எழுதும் வரை அப்படி ஒரு தேர்தல் நடக்கவும் இல்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் யார் என்று கேளுங்கள், வகுப்பே சொல்லும். கிழக்கின் கடைசி முதலமைச்சர் யார் என்று கேளுங்கள், நாலு பேர் யோசிப்பார்கள், இரண்டு பேர் பிழையாகச் சொல்வார்கள். இந்த நிலையில் உறுப்புரை 154அ, 154ஆ என்று தொடங்கினால் போனுக்குள் போகாமல் என்ன செய்வார்கள்?

அடுத்த வகுப்பில் அவனிடமே கேளுங்கள்: “தம்பி, உங்களிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கா?” இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவனிடம் இருக்கும். அதன் ரெவினியூ லைசன்ஸை, அதாவது வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை, எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்துக் கருமபீடத்தில் வரிசையில் நின்று எடுத்த கடதாசி அது. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கருமபீடத்தில் அவன் கட்டிய காசு மாகாணத்தின் வருமானம். வாகன அனுமதிக் கட்டணம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையின் மாகாண சபை நிரலில், அதாவது மாகாணத்துக்குரிய அதிகாரங்களின் பட்டியலில், இருக்கிறது. இல்லாத சபைக்கு அவன் வருடா வருடம் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

இன்னொரு பிள்ளையின் தகப்பன் அண்மையில் காணி வாங்கியிருப்பார். உறுதி எழுதும்போது நொத்தாரிசு முத்திரைத் தீர்வைக்கென்று ஒரு தொகை கேட்டிருப்பார். அதுவும் மாகாணத்தின் வழியாகப் போய், அந்தக் காணி இருக்கும் உள்ளூராட்சி சபைக்குச் சேர வேண்டிய பணம். வேறொரு பிள்ளையின் தாய் மாகாணப் பாடசாலை ஆசிரியை என்றால், அவருடைய இடமாற்றக் கடிதத்தின் தலைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி தங்கச்சி போகும் பாலர் பாடசாலையின் மேற்பார்வையும் மாகாணத்துக்குரியது. ஆக, தெரிவுசெய்யப்பட்ட சபைதான் இல்லை. ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், அமைச்சுகளுக்குச் செயலாளர்கள் இருக்கிறார்கள், திணைக்களங்கள் இருக்கின்றன, வரி வசூல் நடக்கிறது, சம்பளம் போகிறது. அந்தச் செலவை விவாதிக்கவும் கேள்வி கேட்கவும் மக்கள் அனுப்பிய ஆட்கள்தான் இல்லை.

இங்கே நிறுத்தி, அவன் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் மாற்றி அவனுக்கே திருப்பிக் கொடுங்கள்: சபை இல்லாமலே மாகாணம் இவ்வளவு காலம் ஓடுகிறது என்றால், சபை இருந்தபோது அது என்ன செய்தது? இல்லாததால் யாருக்கு நட்டம், யாருக்கு வசதி? இதற்குப் பதில் தேடுவதுதான் உங்கள் முழுப் பாடமும். 13ஆம் திருத்தம் நடுவில் தானாக வந்து சேரும், ஏனென்றால் பிள்ளைகளுக்கு அப்போது அது தேவைப்படும்.

இன்னொரு கணக்கும் கரும்பலகையில் போடுங்கள். இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபைக்கு 1988 நவம்பரில் தேர்தல். அதன் தலைமையிடம் நம்முடைய திருகோணமலை, முதலமைச்சர் வரதராஜப் பெருமாள். 1990இல் அது முடிந்துபோனது. அதன்பிறகு 2008 மே மாதம் வரை கிழக்கில் தெரிவுசெய்யப்பட்ட சபை கிடையாது. ஆளுநரின் நிர்வாகம் மட்டும் இந்த ஊரிலிருந்து நடந்தது. 2008இல் சிவநேசதுரை சந்திரகாந்தன், 2012இல் நஜீப் அப்துல் மஜீத், 2015 பெப்ரவரியில் ஹாபிஸ் நசீர் அஹமட் என்று மூன்று முதலமைச்சர்கள். 2017இல் மறுபடி வெற்றிடம். 1988 முதல் கூட்டிப் பார்த்தால் கிழக்குக்குத் தெரிவான சபை இருந்த காலம் ஏறத்தாழ 11 ஆண்டுதான். நம்முடைய மாகாணத்தில் சபை இருப்பதுதான் புதினம். பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கூட்டிப் பார்க்க வேண்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். ‘அரசாங்கத்துக்கு விருப்பமில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். கதை அதைவிடச் சுவாரசியமானது. 2017 செப்டெம்பரில் பெண் வேட்பாளர் விகிதத்தைப் பற்றிய ஒரு சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில் அதற்குள் திருத்தங்களைச் செருகி, முழுத் தேர்தல் முறையையே தொகுதியும் பட்டியலும் கலந்த கலப்பு முறைக்கு மாற்றினார்கள். அதுதான் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். புது முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புது முறைக்கு எல்லை இல்லை. ஒரு தேர்தலைத் தடை செய்யாமலே இல்லாமலாக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உலகத்தில் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டு அரசியல் பிள்ளைகளுக்கு அத்துப்படி என்று சொன்னேன் அல்லவா, அதை விட்டுவிடாதீர்கள். ‘நம்மட பாடத்துக்கு வெளியே’ என்று தள்ளிவைப்பவர்களும் இருக்கிறார்கள். அது வீண். சென்னையில் ஆளுநர் மசோதாக்களைக் கிடப்பில் போட்ட சண்டை இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனதை அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் மூன்று பட்டியல், இங்கேயும் மூன்று நிரல். அங்கேயும் ஆளுநர் மேலிருந்து நியமனம், இங்கேயும் அப்படித்தான். அப்புறம் வித்தியாசத்துக்கு வாருங்கள். நம்முடைய அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கை ஓர் ஒற்றையாட்சி அரசு என்கிறது. 13ஆம் திருத்தம் அதற்குள் அடங்குமா என்று 1987இல் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் பார்த்தபோது 5க்கு 4 என்றுதான் பிரிந்தார்கள். இந்தியாவில் ஒரு மாநிலத்தைக் குடியரசுத் தலைவர் ஆட்சியில் வைத்தாலும் 356ஆம் பிரிவு அதற்கு மூன்று ஆண்டு என்று உச்ச வரம்பு போட்டிருக்கிறது, அதற்கும் நாடாளுமன்றம் திரும்பத் திரும்ப இசைவு தர வேண்டும். இங்கே வெற்றிடத்துக்கு வரம்பு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். தேடட்டும்.

சபை இல்லாவிட்டால் என்ன நட்டம் என்பதற்கு, வாழ்வாதார உதவித் திட்டங்களை மத்தியின் ஒரே திணைக்களத்தின் கீழ் கொண்டுவந்த திவிநெகும சட்டமூலத்தை எடுங்கள். 2012இல் வந்தது. மாகாண நிரலில் உள்ள விடயங்களைத் தொடுவதால் ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தையும் பெற வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். நம்முடைய சபை, தேர்தல் முடிந்த கையோடு, இந்த ஊரில் கூடி இசைவு கொடுத்தது. வடக்கில் அப்போது சபையே இல்லை. ஆளுநர் தானே இசைவு தெரிவித்தார். தெரிவான சபையின் இடத்தில் ஆளுநர் நின்று பேச முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடுதான் அதை நிறைவேற்றினார்கள். நீதிமன்றத்தின் முடிவு வந்த கையோடு பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது குற்றப்பிரேரணை வந்து, 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார். ஒரே வழக்கில் நிரல், ஆளுநர், சபை, நாடாளுமன்றம், நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. இரண்டு வகுப்பு இதற்கே போகும், போகட்டும்.

அதிகாரப் பகிர்வை நோட்ஸாகக் கொடுத்தால் ஏறாது. நிலாவெளிக்குக் கூட்டிப்போங்கள், அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களாகப் போகட்டும், எப்படியும் போவார்கள். புறாமலைத் தீவுக்குப் படகு ஏற முன்பு வாங்கும் நுழைவுச்சீட்டு யாருடையது? வனசீவராசிகள் திணைக்களம், மத்தி. தேசிய பூங்கா அது. கடற்கரையில் இருக்கும் விடுதி சுற்றுலா அதிகார சபையில் பதிந்திருக்கும், அதுவும் மத்தி. ஆனால் அதே விடுதி வியாபார அனுமதிப்பத்திரம் எடுப்பது குச்சவெளிப் பிரதேச சபையில். விடுதி வாசலால் போகும் பெரிய வீதி பி தரம், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதிலிருந்து பிரியும் சீ, டீ தர வீதி என்றால் மாகாண வீதித் திணைக்களம். அதிலிருந்தும் பிரிந்து கடலுக்கு இறங்கும் மணல் ஒழுங்கை பிரதேச சபைக்கு. சுற்றுலா என்ற விடயமோ மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கிய நிரலில் கிடக்கிறது, மீன்பிடியும் அங்கேதான். கரைவலை இழுப்பவருக்கும் விடுதிக்காரருக்கும் இடப் பிரச்சினை வந்தால் யாரிடம் போவது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கந்தோர் சொல்வார்கள். எல்லாருமே கொஞ்சம் சரியாக இருப்பார்கள். காணி, பொலிஸ் இரண்டையும் அந்த இடத்தில் எடுங்கள். மாகாண நிரலில் காணி என்று அச்சில் இருக்கிறது. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணியின் அதிகாரம் மத்தியிடமே என்று தீர்த்தது. 13ஆம் திருத்தத்தின் பின்னிணைப்பு சொல்லும் தேசிய காணி ஆணைக்குழு இன்னும் அமைக்கப்படவே இல்லை.

இனி ஒரு விளையாட்டு. நான் பல வகுப்புகளில் செய்வித்திருக்கிறேன், ஒருபோதும் யாரும் தூங்கியதில்லை. 2012 செப்டெம்பர் தேர்தலில் கிழக்கின் 37 ஆசனங்கள் இப்படிப் பிரிந்தன: ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, இலங்கைத் தமிழரசுக் கட்சி 11, ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. வகுப்பை ஐந்தாகப் பிரித்து எண்ணை மட்டும் துண்டில் எழுதிக் கொடுங்கள். கட்சிப் பெயர் வேண்டாம், அ, ஆ, இ, ஈ, உ என்று போதும். ஆட்சிக்கு 19 வேண்டும். முதலமைச்சரைத் தவிர நான்கு அமைச்சர் பதவிக்கு மேல் கிடையாது, அதுதான் அரசியலமைப்பின் வரம்பு. அரை மணி நேரம் கொடுத்து, பேரம் பேசி ஆட்சியமைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

என்ன நடக்கும் தெரியுமா? 7 ஆசனக் கூட்டம் மெல்ல மெல்ல நாற்காலியில் சாய்ந்து உட்காரும். 14ம் 7ம் 1ம் சேர்ந்தால் 22. 11ம் 7ம் 4ம் சேர்ந்தாலும் 22. 14காரரும் 11காரரும் மாறி மாறி அவர்களிடம் ஓடுவார்கள். 4காரர் தங்களை யாரும் கேட்கவில்லையே என்று கோபிப்பார்கள். தனி ஆசனத்துக்காரன் ஒருவன் அமைச்சர் பதவி கேட்பான், அதுவும் நடக்கும். நேரம் முடிந்ததும் கட்சிப் பெயர்களைப் பலகையில் எழுதுங்கள். வகுப்பு ஒரு கணம் ஆவென்று பார்க்கும். 7 என்ற எண்ணோடு பேரம் பேசியவனுக்கு முஸ்லிம் காங்கிரஸின் இடத்தில் நின்று யோசித்தது அப்போதுதான் தெரியவரும். அவன் மூதூர்த் தமிழ்ப் பையனாக இருந்தால் இன்னும் நல்லது. 11 என்ற எண்ணோடு அலைந்த கிண்ணியாப் பிள்ளைக்கும் அப்படித்தான்.

பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரஸுக்குத் தருகிறோம் என்று தமிழ்த் தரப்பு கேட்டும், அது 14ஓடுதான் போனது. 2015இல் கொழும்பில் ஜனாதிபதி மாறியதும் அதே சபைக்குள், புதிய தேர்தல் ஒன்றும் இல்லாமலே, கூட்டு மாறியது. முதலமைச்சர் முஸ்லிம் காங்கிரஸ், தமிழரசுக் கட்சி உறுப்பினர்கள் இருவர் அமைச்சர் வாரியத்தில். ஏன் 2012இல் முடியாதது 2015இல் முடிந்தது? மாகாண அரசியல் எவ்வளவுக்கு மாகாணத்துக்குள்ளே தீர்மானிக்கப்படுகிறது என்ற விவாதத்தைப் பிள்ளைகளே தொடங்கிவிடுவார்கள். கணக்கில் கெட்டிக்காரர் யாராவது இருந்தால் இன்னொன்று: முதலாம் இரண்டாம் கட்சிகளுக்கிடையே வித்தியாசம் 6,000 வாக்குக்குச் சற்று மேல்தான், அதிக வாக்கு எடுத்த கட்சிக்குக் கொடுக்கும் மேலதிக ஆசனம் இரண்டும் முதலாமவருக்குப் போனது. அந்த வாக்குகள் மற்றப் பக்கம் விழுந்திருந்தால் ஆட்சி மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றுதான் கணக்கு வரும். அதை அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

இந்த விளையாட்டுக்குப் பிறகு மட்டும் இணைப்பு விவகாரத்துக்குப் போங்கள். நீங்கள் வரிசையை மாற்றியதில்தான் சிக்கல் வந்தது என்று நினைக்கிறேன். கருத்தை முதலில் கேட்டால் பிள்ளைகள் வீட்டில் கேட்டதைச் சொல்வார்கள். வீட்டில் கேட்டதற்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடப்பெயர்வு, ஓர் இழப்பு இருக்கிறது. மூதூரில் 2006இல் நடந்த சண்டை தமிழ் வீட்டில் ஒரு மாதிரி, முஸ்லிம் வீட்டில் இன்னொரு மாதிரி நினைவில் இருக்கும். அதை ஒரு மணி நேர விரிவுரைக்குள் இழுத்து வெல்லப் பார்க்கக் கூடாது.

கடதாசியால் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை முதலில் வையுங்கள். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கிழக்கில் எதை நடத்துவதாகச் சொன்னது? ஒரு பொதுசன வாக்கெடுப்பு. அது நடந்ததா? வருடா வருடம் ஒத்திவைக்கப்பட்டது. 1988இல் இரு மாகாணங்களையும் இணைத்தது யார், எந்தச் சட்டத்தின் கீழ்? மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, ஜனாதிபதியின் பிரகடனம். 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது என்ன காரணம் சொன்னது? இணைப்பு கூடாது என்று அது சொல்லவில்லை, இணைத்த முறை சட்டப்படி சரியில்லை என்றது. இந்த வேறுபாடு எத்தனையோ பெரியவர்களுக்கே தெரியாது. 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் தனித்தனி. இவ்வளவும் தெரிந்த பிறகு, ஒவ்வொருவரும் தனக்கு உடன்பாடில்லாத பக்கத்தின் வாதத்தை ஒரு பக்கத்தில் எழுதட்டும். வாசித்துக் காட்ட வேண்டாம், உங்களிடம் மட்டும் தரட்டும். அந்தப் பக்கத்து ஆள் வாசித்தால் ‘ஓம், நான் சொல்வது இதைத்தான்’ என்று ஒத்துக்கொள்வாரா என்பதை வைத்துப் புள்ளி போடுங்கள். சிங்களப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இல்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் சொல்லவில்லை. கந்தளாயிலும் சேருவிலவிலும் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. அதையும் யாருக்காவது கொடுங்கள்.

‘மிஸ், நீங்க எந்தப் பக்கம்?’ என்று கேட்பார்கள். செமஸ்டர் முடிந்து புள்ளியும் போட்ட பிறகு கேட்டால் சொல்லுங்கள். அதற்கு முன்பு, ‘என்ட பக்கம் தெரிஞ்சா உங்கட விடைத்தாள் அந்தப் பக்கம் சாயும்’ என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும், சிரிப்பார்கள்.

அந்த மூத்தவரின் ஆலோசனையில் பாதி சரி. அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் வருகை விரிவுரையாளர், அடுத்த முறை பாடம் தருவதும் தராததும் ஆளின் முகத்தைப் பார்த்து நடக்கக்கூடிய இடம் இது. ஆகவே கட்சி அரசியலை வகுப்புக்கு வெளியே வையுங்கள். தேர்தல் காலத்தில் வேட்பாளர் எவரையும் அழைக்காதீர்கள், உங்கள் முகநூலிலும் கொஞ்சம் கவனமாக இருங்கள். வெளியே கூட்டிப்போகும் எல்லாவற்றுக்கும் துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள், வாய்ப்பேச்சு காணாது. ஆனால் அரசியலே பேசாமல் அரசறிவியலா? நோட்ஸை மட்டும் கொடுப்பதென்றால் உங்களுக்கு எதற்குச் சம்பளம், போட்டோப்பிரதிக் கடைக்காரருக்கே கொடுத்துவிடலாமே.

உள்ளூராட்சிப் பகுதிக்கு வருவோம். இது இலகு, ஏனென்றால் 2025 மே 6இல் தேர்தல் நடந்து சபைகள் இயங்குகின்றன. உங்கள் பிள்ளைகளில் பலருக்கு வாழ்க்கையில் முதலாவது உள்ளூர் வாக்கு அது. வட்டாரத்துக்கு 60 வீதம், பட்டியலுக்கு 40 வீதம் என்ற கலப்பு முறையையும், பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டையும் அவரவர் வட்டாரத்து முடிவை வைத்தே கற்பிக்கலாம். பட்டினமும் சூழலும், தம்பலகாமம், மூதூர், வெருகல் என்று ஆளுக்கொரு பிரதேச சபையைக் கொடுத்து, செயலாளருக்குக் கடிதம் எழுதி, மாதாந்தக் கூட்டமொன்றை இருந்து பார்க்க வையுங்கள். குப்பை உழவு இயந்திரம், தெருவிளக்கு, சந்தைக் குத்தகை, மாடறுக்கும் மடுவம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சலிப்பாக இருந்தது என்று பிள்ளைகள் முறையிடுவார்கள். யார் பேசினார், யார் பேசவே இல்லை, பெண் உறுப்பினர் எழுந்தபோது தவிசாளர் எத்தனை நிமிடம் கொடுத்தார் என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தால் அந்தச் சலிப்பு குறையும்.

செய்து பார்க்கும் வேலை ஒன்றே ஒன்று வைக்கலாம் என்றால், நான் தகவல் கோரிக்கையைத்தான் வைப்பேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, மாகாணத் திணைக்களம் ஒன்றின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு கோரிக்கை அனுப்பட்டும். கேள்வி சின்னதாகவும் திட்டமாகவும் இருக்க வேண்டும். ‘கல்விக்கு என்ன செய்தீர்கள்’ என்றால் ஒன்றும் வராது. ‘இன்ன வலயத்தில் கடந்த ஆண்டு பாலர் பாடசாலை ஆசிரியர்களுக்குக் கொடுத்த மாதாந்தக் கொடுப்பனவு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து’ என்றால் வரும். கோரிக்கை கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை அலுவலர் தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. பதில் வராவிட்டாலும் பாடம் கெடாது. அந்தக் கோவை எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதையே அறிக்கையாக எழுதலாம். இராணுவம், காணி சுவீகரிப்பு போன்ற விடயங்களில் பிள்ளைகளின் பெயரில் கோரிக்கை அனுப்ப விடாதீர்கள். நேரே கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் இரண்டு மூன்று பேராகப் போகட்டும், நிறுவனத்தின் கடிதமும் கையில் இருக்கட்டும். முதல் மூன்று கிழமைக்குள் அனுப்பாவிட்டால் செமஸ்டர் முடிவதற்குள் பதில் கிடைக்காது. உங்களுக்கு அந்த மூன்று கிழமையும் போய்விட்டதால், இந்தக் கிழமையே அனுப்புங்கள்.

பரீட்சை? பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இருக்கும், நியாயம்தான். ‘13ஆம் திருத்தத்தின் பிரதான அம்சங்களை விளக்குக’ என்ற கேள்வி எப்படியும் வரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதற்கு ஒரு வகுப்பு முழுதாக ஒதுக்கி, தலைப்பு போட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வினாத்தாள் உங்கள் கையில் என்றால் ஒரு கேள்வியையாவது மாற்றுங்கள். உதாரணத்துக்கு: ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. 2017க்குப் பிறகு கிழக்கில் ஹிஸ்புல்லாஹ், ஷான் விஜயலால் டி சில்வா, அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான், ஜயந்த லால் ரத்னசேகர என்று ஆளுநர்கள் மாறியிருக்கிறார்கள். இவர்களில் ஒருவரை நீக்க வேண்டும் என்று மாகாண மக்கள் விரும்பியிருந்தால் அரசியலமைப்பு அவர்களுக்கு என்ன வழி வைத்திருக்கிறது? சபையின் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றி ஜனாதிபதிக்கு அனுப்பலாம், காரணமும் குறிப்பிட்ட சிலவற்றுக்குள் அடங்க வேண்டும் என்று நல்ல பிள்ளை எழுதும். சபையே இல்லையே என்று அடுத்த வரியை எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி.

செமஸ்டர் நடுவில் மாகாண சபைத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் பாடத்திட்ட வரிசையை அப்படியே தூக்கி வைத்துவிட்டு வேட்புமனுக்களை எடுங்கள். எந்தக் கட்சி எந்த மாவட்டத்தில் யாரை, எத்தனை பெண்களை நிறுத்துகிறது என்று மூன்று மாவட்டத்துக்கும் ஓர் அட்டவணை போட வையுங்கள். திருகோணமலையை முதலில் எடுக்காதீர்கள், எல்லாருக்கும் சொந்தக்காரர் யாராவது அதில் நிற்பார்கள். அம்பாறையில் தொடங்குங்கள்.